மீனாவுக்கு அப்பா எழுதுவது

பாளையங்கோட்டை

அன்புள்ள மீனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, தெருவுக்கே கொடுத்தும் தீரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்டதில் அம்மாவுக்குச் சந்தோஷம். வைத்த பிறகு போனைப் பார்த்தேன், மூன்று நிமிஷம் நாற்பது நொடி. போன வாரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குறை சொல்லவில்லை. வேலை இருக்கும்.

வைகாசியில் மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பிய அன்று நீ நடந்துகொண்டதைச் சொந்தத்தில் இன்னும் பேசுகிறார்கள். ஏழு தாம்பாளத்தையும் நீயே புளி போட்டுத் துலக்கி, துடைத்து, பரணில் ஏற்றிவிட்டு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்தாய். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என் மகள்" என்று நானும் பெருமையடித்தேன். உன் சித்தியிடம், வாக்கிங் கூட்டத்திடம், தபால்காரரிடம்கூட.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது இரண்டு ராத்திரி குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது. வாளி நிரம்பி வழிகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. தண்ணீர் வீணாகிறதே என்றுதான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பையன் மனோதத்துவம் எம்.எஸ்ஸி. படிக்கிறான். வகுப்பில் முப்பது வருஷமாக நான் சொன்ன மிட்டாய்க் கதையை அவனிடமும் சொன்னேன். உனக்குத் தெரிந்ததுதான், ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் சின்னப் பிள்ளைகளுக்கு வைத்த சோதனை. ஒரு மிட்டாய் இப்போதே, கால் மணி நேரம் பொறுத்தால் இரண்டு. பொறுத்தவர்கள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று முடிப்பேன். அவன் சிரித்தான். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துத் திரும்பப் பார்த்தார்களாம். குடும்ப நிலைமையைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டதாம். அதுகூடப் பரவாயில்லை. மிஷெலின் சோதனையிலேயே பொறுக்க முடிந்த பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டாயை முறைக்கவில்லையாம். கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், தனக்குத்தானே பாட்டுப் பாடினார்கள். நான் அதைப் பல்லைக் கடிக்கிற கதையாகவே சொல்லிவந்திருக்கிறேன்.

ஜேம்ஸ் கிராஸ் என்று இன்னொருவரைப் பற்றியும் சொன்னான். துக்கத்தை முகத்தில் காட்டாமல் அடக்கினால் உள்ளே அது குறைவதில்லை, உடம்புதான் கூடுதலாகப் பாடுபடுகிறது என்று கண்டவர். அவரும் மற்றவர்களும் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். அடக்கிக்கொண்டு பேசியவளுக்கு மட்டும் இல்லை, எதிரில் இருந்தவளுக்கும் ரத்த அழுத்தம் ஏறியதாம். இதைக் கேட்டதிலிருந்து உன் அம்மாவின் பி.பி. மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே எனக்கு என்னவோ போல் இருக்கிறது. ஆச்சி போன பிறகு இந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

வெளியில் சாப்பிட்டால் சூடாகச் சாப்பிடு. ராத்திரி பத்து மணிக்குமேல் போன் பார்க்காதே. போன தடவையும் சொன்னேன், நீ "சரிப்பா" என்றாய். எதற்கெடுத்தாலும் "சரிப்பா"தான். ஒரு தடவையாவது சண்டை போட்டால் என்ன?

உனக்கும் அந்தச் சோதனையை வைத்தேனே, ஐந்து வயதில், தீபாவளி அல்வாவை வைத்து. உன் அண்ணன் நான் செருப்பு மாட்டுவதற்குள் முழுங்கிவிட்டான், நீ தொடவே இல்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொன்னதில்லை. கால் மணி நேரத்தில் வருகிறேன் என்று போனவன், தெருமுனையில் சம்பளக் கமிஷன் பேச்சில் நின்றுவிட்டேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் திரும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து நீ அதே மணையில் உட்கார்ந்திருந்தாய். எழுந்தால் கணக்கில் வராதோ என்று எழவே இல்லை. பாவாடை நனைந்திருந்தது. புதுப் பாவாடையை இப்படிப் பண்ணிவிட்டாயே என்று திட்டினேன். உதடு பிதுங்கியது. "அழக்கூடாது" என்றேன். உடனே நிறுத்திக்கொண்டாய் மீனா. அப்போது அதுவும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பையன் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தான். 14416, டெலி மானஸ், அரசாங்கத்துடைய மனநல உதவி எண். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். எனக்காகத்தான் கேட்டு வாங்கினேன். உன்னிடமும் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருக்கிறேன், ஆர்.ஏ.சி.தான். என் கண்ணைக் காட்டுவதற்கு என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் அல்வா வாங்கிக்கொண்டு போகலாம் என்கிறாள். உனக்கு அது பிடிக்குமா, நான் கொடுத்ததால் சாப்பிட்டாயா என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு, முருங்கைக்காய் கொண்டுவருகிறோம்.

அப்பா