செயலாளர் ஆண்டறிக்கை: கருஞ்சிட்டுப் பதிவுகள் குறித்து

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதவரம், மணலி, எண்ணூர் பறவை நோக்கு நடைகளில் இவ்வாண்டு அதிகம் விவாதிக்கப்பட்டது கருஞ்சிட்டு (Indian Robin) என்ற பறவை. அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே.

நம் பக்கம் வாழ்வது ஃபுலிகேட்டஸ் என்ற உள்ளினம் (ஒரே இனத்துக்குள் வட்டாரத்துக்கு ஏற்ப வேறுபடும் பிரிவு). ஆணின் முதுகு பளபளக்கும் கருநீலம். வடக்கே போகப் போக முதுகு பழுப்பாகும். தக்காணத்தின் இன்டர்மீடியஸ் இடைப்பட்ட நிறம். வடமேற்கின் கேம்பயென்சிஸுக்கும் வடகிழக்கின் எரித்ரூரஸுக்கும் பழுப்பு முதுகுதான். இலங்கையில் இருப்பது லூகாப்டெரஸ், கறுப்பு முதுகு. 1766இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்த இனத்துக்குப் பெயரிட்டபோது, பறவை பிலிப்பைன்ஸில் கிடைத்தது என்ற தவறான குறிப்பையே பின்பற்றினார். அந்த இடம் பிற்பாடு புதுச்சேரி என்று திருத்தப்பட்டது. இந்த இனத்துக்கே மூலமான பறவை நம் கடற்கரைக்காரர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

"பழுப்பு முதுகு, வடக்கு உள்ளினம்" என்று வந்த பதிவுகளை ஏற்க இயலவில்லை. கருஞ்சிட்டு வலசை போகாத பறவை. குஜராத்துப் பறவை எண்ணூர் வர வழியில்லை. பெண் பறவை பெரும்பாலும் சாம்பல் கலந்த பழுப்பு, இறக்கையில் வெள்ளை இராது. அதைத்தான் பலரும் ஆண் என்று எழுதிவிடுகிறோம். படத்தில் நிழலை வெளிச்சமாக்கினாலும் கறுப்பு பழுப்பாகத் தெரியும். ஆகவே திருத்தாத படத்தையே அனுப்புங்கள்.

முதலில் ஆணா என்று உறுதி செய்யுங்கள்: தோளில் வெள்ளைப் பட்டை, தூக்கிய வாலடியில் அடர்ந்த செங்கல் நிறம் (பெண்ணுக்கு அது வெளிறியிருக்கும்). உட்கார்ந்திருக்கையில் பட்டை மறைந்திருக்கலாம், பறக்கும்வரை பொறுங்கள். வயிறும் வால் ஓரமும் வெள்ளையென்றால் அது குண்டுக்கரிச்சான். பிறகு வெயில் உங்கள் முதுகுப்புறம் விழும்படி நின்று நிறம் பாருங்கள். பெண்ணையோ இளம்பறவையையோ வைத்து உள்ளினம் எழுத வேண்டாம். "கருஞ்சிட்டு" என்றாலே போதும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் இதுவே முறை. அதில் ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் பறவைகளைப் பார்க்க வேண்டும்.

சுவர்ப் பொந்து, குழாய் ஓட்டை, மண்கரைப் பொந்து எல்லாம் இதற்குக் கூடு கட்டும் இடம். உள்ளே மயிரும் சிலசமயம் பாம்புச் சட்டையும் மெத்தையாக இருக்கும். 3 அல்லது 4 முட்டைகளைப் பெண் மட்டுமே அடைகாக்கும். நாம் அருகில் நின்றால் அது எழுந்து போய்விடும், அடைகாக்காமல் முட்டை கெடலாம். கூட்டுப் படங்களைச் சங்கம் இனி ஏற்காது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்