ஏப்ரன் கட்டிய அப்பாவின் கட்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர. உன் புது வேலையைப் பற்றி நீ அவளிடம் சொன்னதையெல்லாம் அவள் என்னிடம் ஒப்பித்துவிட்டாள். அதனால் அதை மறுபடி கேட்கவில்லை. சனிக்கிழமை இரவு பார்த்த படத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே மறுத்துப் பேச ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

கோர்ட் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் நம் ஊர்ப் பழைய தியேட்டரில் ‘ரெபல் வித்தவுட் எ காஸ்’ போட்டார்கள். அதன் கதாநாயகன் ஜேம்ஸ் டீன் இறந்தது 1955 செப்டம்பர் 30. அந்த நாளை ஒட்டி நம் இந்தியானாவில் அவரை யாராவது ஒருவர் நினைவுகூராமல் விடமாட்டார்கள். அவர் வளர்ந்த ஃபேர்மவுண்ட் இங்கிருந்து காரில் போய்வரும் தூரம்தானே. பள்ளியில் உங்களையும் அங்கே கூட்டிப்போனார்கள். வெறும் சோளக்காடு என்று சலித்துக்கொண்டு திரும்பி வந்தாய். அந்தச் சோளக்காட்டுக்கு அவர் வந்து சேர்ந்த விதம் உனக்குத் தெரியுமா? ஒன்பது வயதில் கலிஃபோர்னியாவில் தாயைப் பறிகொடுத்து, அவருடைய சவப்பெட்டி வந்த அதே ரயிலில் இந்தியானாவுக்கு வந்தார். தந்தை கலிஃபோர்னியாவிலேயே இருந்துவிட்டார். அத்தையும் மாமாவும் தங்கள் பண்ணை வீட்டில் வைத்து வளர்த்தார்கள். படம் வெளியானபோது டீன் உயிரோடு இல்லை; கார் விபத்தில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்து நான்கு.

தியேட்டரில் பாதிக்கு மேல் நரைத்த தலைகள். எனக்குப் பக்கத்தில் இருந்த மூதாட்டி, படம் வந்த ஆண்டில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர். வகுப்புப் பையன்கள் அத்தனை பேரும் படத்தில் டீன் போட்டிருக்கும் சிவப்பு ஜாக்கெட் கேட்டு வீட்டில் சண்டை பிடித்தார்களாம். “என் அண்ணனுக்குக் கிடைத்தது பழுப்பு” என்று இன்னும் ஆறாத குறையாகச் சொன்னார். படத்தை முதலில் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கத் தொடங்கினார்கள். சில நாட்களில் ஸ்டூடியோ வண்ணத்துக்கு மாற்றச் சொன்னது. மாற்றாமல் விட்டிருந்தால் அந்த அண்ணன் பிழைத்திருப்பார்.

கதை உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஜிம் என்ற பையன் (டீன்தான்) லாஸ் ஏஞ்சலஸுக்குப் புதிதாக வந்திருக்கிறான். ஏறக்குறைய ஒரே நாளில் எல்லாம் நடந்து முடிகிறது: காவல் நிலையம், கிரிஃபித் கோளரங்கத்தின் வாசலில் கத்திச்சண்டை, திருட்டுக் கார்களை மலைவிளிம்பை நோக்கி ஓட்டி, முதலில் குதிப்பவன் கோழை என்று ஒரு பந்தயம், ஒரு சாவு, விடிவதற்குள் இன்னொரு சாவு. அதற்கு முன் வந்த படங்களில் தறுதலைகள் என்றால் பெரும்பாலும் சேரிப் பிள்ளைகள். இதில் எல்லாரும் வசதியான வீட்டுக் குழந்தைகள். போர் முடிந்து, வீட்டுக்கடன் கிடைத்து, புறநகரில் புல்வெளியும் காரும் வாங்கிய தலைமுறையின் பிள்ளைகள். ஊரைப் பயமுறுத்தியது அதுதான். இளையோர் குற்றங்களை ஆராய்ந்துகொண்டிருந்த செனட் துணைக்குழு, சினிமா பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்று விசாரிக்க அதே 1955 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸுக்கே போயிற்று.

பந்தயத்துக்கு முன்னால் இரண்டு பையன்களும் விளிம்பில் நின்று பேசிக்கொள்கிறார்கள். உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறான் எதிராளி. பிறகு ஏன் இதைச் செய்கிறோம் என்று ஜிம் கேட்கிறான். ஏதாவது செய்தாக வேண்டுமே என்று பதில் வருகிறது. பதினாறு வயதில் லைசென்ஸ் வாங்கியதும் தோழிகளோடு இரவெல்லாம் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாயே, பெட்ரோலுக்குப் பிடித்த கேடு என்று அம்மா திட்டியபோது நீயும் இதையேதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் அந்தப் பையனின் சட்டைக்கை கார்க் கதவில் மாட்டிக்கொள்ள, குதிக்க முடியாமல் காரோடு போகிறான்.

நான் சொல்ல வந்தது ஜிம்மின் அப்பாவைப் பற்றி. உடம்பு சரியில்லாத மனைவிக்குத் தட்டில் சாப்பாடு கொண்டுபோகிறார், கோட்டு சூட்டுக்கு மேலே சமையலறை ஏப்ரன். தட்டு கீழே விழுகிறது. மண்டியிட்டுத் துடைக்கிறார். அதைப் பார்த்து மகன் துடித்துப்போகிறான். தியேட்டரே சிரித்தது. சிரிப்பதற்காகவே எடுத்த காட்சி அது. அப்பா மெத்தென்று இருந்தால் பிள்ளை தடம் மாறும் என்பது அந்தக் காலத்து மனோதத்துவம். படம் அதை அப்படியே விழுங்கியிருக்கிறது. பாப்பா, உன் மதிய உணவைப் பள்ளிக்காலம் முழுக்கக் கட்டிக்கொடுத்தவன் நான். ஏப்ரன் கட்டியவனின் முதுகெலும்பு எதில் வளைந்தது என்று யாராவது எனக்குக் காட்டட்டும்.

ஆண்மை என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று மகன் கேட்கும்போது, சாதக பாதகங்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம் என்கிறார் அந்த மனிதர். அதற்கும் சிரிப்பு. நல்ல யோசனைதானே! தாளை எடுத்து உட்கார்ந்திருந்தால் மலைவிளிம்பில் ஒருவன் செத்திருக்கமாட்டான். அவர் உண்மையில் தவறுவது அதற்குப் பிறகு. மகன் வீட்டுக்கு வந்து, போலீஸிடம் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்கிறான். நீ ஏன் மாட்டிக்கொள்கிறாய், மற்றவர்கள் யாரும் சொல்லவில்லையே என்று பெற்றவர்கள் தடுக்கிறார்கள். அந்த இடத்தில் அவர் ஏப்ரன் கட்டியிருக்கவில்லை. முழுக் கனவானாகத்தான் இருந்தார்.

படம் முடிந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கலந்துரையாடல் நடத்தினார். அம்மா சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்து இவ்வளவையும் பேசிவிட்டேன். இரண்டு பேர் கைதட்டினார்கள். ஆசிரியர் தலையை ஆட்டிவிட்டு ஜாக்கெட்டின் நிறத்துக்குப் போய்விட்டார்.

அம்மாவின் வழக்கு வேறு, அதையும் எழுதச் சொல்கிறாள். காவல் நிலையத்தில் ஜிம், அப்பா ஒருதரம் துணிந்து அம்மாவை அடித்து வீழ்த்தியிருந்தால் அவளும் சந்தோஷமாக இருப்பாள் என்கிறான். அதைக் கேட்ட அதிகாரி நல்லவராகக் காட்டப்படுகிறார். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. வீட்டில் மாமியார், மருமகள், நடுவே நசுங்கும் ஆண்பிள்ளை. “இதைப் பார்க்க அமெரிக்காவரை வரவேண்டுமா?” என்றாள் உன் அம்மா காரில். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜிம் விரும்பும் பெண் ஜூடியின் அப்பாவை அவள் மறந்துவிட்டாள். பதினாறு வயது மகள் பழையபடி கன்னத்தில் முத்தமிட வந்ததற்காக அறைகிறாரே, அவர் வீட்டில் பெண்ணாட்சி எதுவும் இல்லை. மகள் வளர்ந்துவிட்டாள் என்பதைப் பார்த்து மிரண்டுபோன ஆள், அவ்வளவுதான். அந்தக் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை.

ஜிம்மோடு ஒட்டிக்கொள்ளும் தனிமையான பையன் பிளேட்டோவின் வீட்டைத்தான் என்னால் கடந்துவர முடியவில்லை. பெரிய வீடு, தந்தை எங்கோ, தாயும் ஊரில் இல்லை. ஒரு கறுப்பினப் பணிப்பெண்தான் துணை. தந்தையின் பெயரால் ஒரு காசோலை வருகிறது, மகனின் பராமரிப்புக்காக என்று தட்டச்சு செய்திருக்கிறது. வேறு ஒரு வரி இல்லை. கடைசியில் அவன் செத்துக்கிடக்கும்போது, இந்தக் குழந்தைக்கு யாருமே இல்லை என்று அழுவது அந்தப் பெண் மட்டும்தான். மேல்தட்டு வீட்டுத் துயரங்களையெல்லாம் அலசிய படம் அவளுக்கு இரண்டு மூன்று நிமிடம்கூட ஒதுக்கவில்லை. அவள் வேலை முடிந்து எந்தத் தெருவுக்குத் திரும்பிப்போனாள், அங்கே அவளுக்குப் பதினாறு வயதில் ஒரு பையன் இருந்தானா என்றெல்லாம் நான் யோசித்துக்கொண்டே கார் ஓட்டினேன். உன் பிறந்தநாள் காசோலையோடு இத்தனை பக்கம் வருவதற்கு அந்தக் காட்சியைத் திட்டிக்கொள்.

படத்தை எங்காவது தேடிப் பார். பார்த்துவிட்டு நான் சொன்னதை மறுத்து எழுது. எழுத்தில், போனில் அல்ல. நன்றி கூறும் விடுமுறைக்கு வருகிறாயா இல்லையா என்பதையும் அதிலேயே சொல்லிவிடு, டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. வந்தால் வத்தக்குழம்பு என் பொறுப்பு. ஜிம்முக்கு அந்த மலைவிளிம்பில் வேறு வழி இருந்ததா என்று அம்மாவும் நானும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. உன் ஓட்டு யாருக்கு என்று இருவருமே காத்திருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா