அணை நிலவரத்துல அடி மட்டும் போட்டா போதாது

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். நான் சேரன்மகாதேவி பக்கம் தாமிரபரணி ஆத்துல இருந்து வர்ற கன்னடியன் கால்வாய் பாசனத்துல நெல்லு போடுறவன், காலையில பேப்பர் வந்ததும் முதல்ல பாக்குறது அணை நிலவரம்தான். பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடின்னு போடுறீங்க, ரொம்ப நல்லது, ஆனா அந்த அடிக்கணக்கை மட்டும் நம்பி ஒரு வருசம் கார் சாகுபடிக்கு நாத்துப் பாவி நட்டுட்டோம், நட்டு முப்பது நாள்ல தண்ணி முறை வச்சு விட ஆரம்பிச்சுட்டாங்க, கடைமடையில பயிர் கண்ணு முன்னாடியே கருகிப்போச்சு.

பாபநாசம் அணை மொத்தம் 143 அடி. மலைக்கு நடுவுல கட்டுன அணைங்கிறதால மேல அகலமாவும் கீழ போகப்போக குறுகலாவும் இருக்கும், அதனால மேல ஒரு அடி குறையிறதும் கீழ ஒரு அடி குறையிறதும் ஒண்ணு கிடையாது. அணை பாதிக்கு வந்துட்டா பாதி தண்ணி இருக்குன்னு நினைக்கிறாங்க பாருங்க, அது தப்பு, பாதிக்கும் ரொம்ப கம்மியாதான் இருக்கும். வண்டல் வேற அடியில கிடக்கு. அதனால அடியோட சேத்து எத்தனை மில்லியன் கனஅடி இருப்பு இருக்குன்னும் தினமும் போடுங்க.

இன்னொண்ணு, கரண்ட் எடுக்கத்தான் தண்ணிய வீணாக்குறாங்கன்னு எங்க ஊர் டீக்கடையில அடிக்கடி பேச்சு வருது. பவர் ஹவுஸ்ல டர்பைனை சுத்திட்டு வர்ற தண்ணி ஆத்துக்குத்தானே வருது, வயலுக்கும் குடிதண்ணிக்கும் போறது அதே தண்ணிதான். எப்போ எவ்வளவு திறக்குறாங்கங்கிறதுதான் பிரச்சினையே, பயிருக்கு வேண்டாத நாள்ல நிறைய திறந்துட்டா கரண்ட் கிடைக்கும், அப்புறம் கதிர் வர்ற நேரத்துல நாங்க வானத்தைப் பாத்து நிக்கணும். இந்தத் தாமிரபரணி ஆத்துல கால்வாய்க்குத் தண்ணியத் திருப்பி விடுற அணைக்கட்டு எட்டு இருக்கு, கடைசி ஸ்ரீவைகுண்டம், அதுக்கு நடுவுல எத்தனையோ கூட்டுக் குடிநீர் திட்டம், தூத்துக்குடி கம்பெனிகளுக்கும் இதுலதான் போகுது. யாருக்கு எவ்வளவுன்னு பேப்பர்ல வந்தா சண்டையே பாதி குறையும்.

வர்ற ஜூன்ல கார் சாகுபடிக்குத் திறக்குறதுக்கு முன்னாடியே, இருப்பு எவ்வளவு, எந்தக் கால்வாய்க்கு எத்தனை கனஅடி, எத்தனை நாளைக்குன்னு அதிகாரிங்ககிட்ட கேட்டு போடுங்கய்யா. அதைப் பாத்துட்டுதான் நாங்க விதைநெல்லை ஊறப்போடணும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, சேரன்மகாதேவி