கமக்கட்டில் ஒரு கட்டி: படுவான்கரை மாதர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கும் தலைவிமார், செயலாளர்மார், அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டத்தில் நாம் பேசாத விசயம் குறைவு. சுழற்சிக் கடன், கோழிக்குஞ்சு, யானை வேலி, அம்மன் சடங்குக்கான சேர்ப்பு எல்லாம் பேசுகிறோம். கமக்கட்டில், அதாவது அக்குளில், வரும் கட்டியைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. அதைப் பேசுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வந்தது வலப்பக்கம். கலியாண வீடொன்றுக்குப் போவதற்கு முதல் நாள் பழைய பிளேட்டால் அவசரமாக வழித்தேன். இரண்டு நாளில் பயறளவு ஒரு பரு. யாரிடமும் சொல்லவில்லை. சவர்க்காரத்தையும் சீனியையும் குழைத்துப் பூசினேன், அப்புறம் மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுப் பார்த்தேன். ஆறாம் நாள் அது தேசிக்காய் அளவு. தொட்டால் நெருப்பு, சுற்றிவரச் சிவப்பு. திருவலையில் இருந்து இடக்கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், மாமி கண்டுவிட்டார். "என்னகா, மற்றக் கையைத் தூக்க ஏலாதா? காட்டு பாப்பம்" என்று கிட்ட வந்தார். அன்றிரவு குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல். விடிந்ததும் அம்பிளாந்துறைப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்கி, பஸ் பிடித்து, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனதும் மாமிதான்.

பாதையில் நின்ற நேரம் முழுக்க எனக்கு ஒரே யோசனை: ஆம்பிளை டொக்டர் என்றால் எப்படிக் காட்டுவது? ஆம்பிளை டொக்டர்தான் இருந்தார். தாதி ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, இரண்டு நிமிசத்தில் பார்த்து முடித்தார். விறைக்க ஊசி போட்டு, கீறிச் சிதலை எடுத்தார்கள். இரத்தம் பார்த்தபோதுதான் எனக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருப்பதும் தெரியவந்தது. சீனி கூடிய உடம்பில் இப்படிக் கட்டிகள் லேசாக வரும், புண் ஆறவும் நாளெடுக்கும். அந்தக் கட்டி வராவிட்டால் நான் இன்னும் தெரியாமலே இருந்திருப்பேன்.

மருந்து கட்டப் போன நாட்களில் தாதியிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். நோவோடு வரும் கட்டிகளில் கூடுதலானவை இப்படி மயிர்க்காலுக்குள் கிருமி போவதால் வருபவைதான். நசுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது. இளஞ்சூட்டுத் துணியால் ஒத்தடம் கொடுக்கலாம், ஆறும்வரை வழிக்காமல் விடவேண்டும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக்கை எடுத்து விழுங்கக் கூடாது.

அடுத்தது நெறி கட்டுவது, அதாவது தோலுக்கடியில் இருக்கும் நிணநீர்க் கணு வீங்குவது. கையிலோ மார்பிலோ கிருமி புகுந்தால் கமக்கட்டில்தான் நெறி வீங்கும். அதனால் அங்கே நோகும்போது முதலில் விரல்களைப் பாருங்கள். கெளுத்தி முள் குத்தியதா, வெள்ளாமை வெட்டில் அரிவாள் பட்டதா, பூனை பிறாண்டியதா? 2021இல் கொரோனா ஊசி போட்ட பிறகு சிலருக்கு அந்தக் கைப்பக்கம் நெறி கட்டித் தானாக வற்றியது நினைவிருக்கும். அதுவும் இந்த வகைதான்.

பிள்ளை பெற்ற சில தாய்மாருக்குப் பால் சுரக்கும் நாட்களில் கமக்கட்டும் வீங்கி நோகும். மார்பில் இருக்கும் பால் தசை சிலருக்கு அங்கேயும் கொஞ்சம் இருப்பதுதான் காரணம். ஆனால் மார்பு சிவந்து சுட்டுக் காய்ச்சலும் வந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரியபிள்ளையான பிறகு சில பிள்ளைகளுக்குக் கமக்கட்டிலும் அரையிடுக்கிலும் மாறி மாறிக் கட்டி வரும், உடையும், தழும்பாகும், மறுகாவும் வரும். வீட்டிலேயே அந்தப் பிள்ளைக்கு "ஒழுங்காக் குளிக்கிறல்ல" என்று ஏச்சு விழும். அது அழுக்கால் வருவதில்லை, மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. அது ஒரு தோல் நோய். தோல் வைத்திய நிபுணரிடம் மருந்து இருக்கிறது. ஏச்சு வாங்கிக்கொண்டு சட்டைக் கையை இழுத்து மூடித் திரியும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதினேன்.

சரி, இப்போது என் பெரியம்மாவின் கதை. அவருக்கும் கமக்கட்டில் கட்டிதான். சின்னது, கல்லுப் போல, அசையாது. நோவே இல்லை. "நோகல்லதானே மனே, கிடக்கட்டும்" என்று எட்டு மாதம் விட்டார். அது மார்பில் தொடங்கிய புற்றுநோய் நெறிக்குப் பரவியது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்கிறார். இலங்கையில் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். நொந்த எனக்குக் கீறியதோடு முடிந்தது. நோகாத அவர்தான் இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கு அலைகிறார். நோவு இருந்தால் புற்றுநோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, அதனால் வற்றாத கட்டி எதையும் ஒருவர் பார்க்கத்தான் வேண்டும்.

காய்ச்சல், பரவும் சிவப்பு, கையில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, கையைத் தூக்க முடியாத நோவு இருந்தால் அன்றைக்கே போங்கள். சீனி வருத்தக்காரரும் கர்ப்பிணிகளும் நாள் பார்க்கவே கூடாது. இரண்டு கிழமையில் வற்றாத கட்டி, பெருத்துக்கொண்டே போவது, கல்லாக இருந்து அசையாதது, முலைக்காம்பு உள்ளே இழுபடுவது, அதிலிருந்து இரத்தம் கசிவது, மார்புத் தோல் குழிவது, காரணமில்லாமல் மெலிவது, இரவில் உடுப்பு நனைய வேர்ப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நோவு இருக்கிறதோ இல்லையோ காட்ட வேண்டும். ஆண்களுக்கும் இதே கணக்குத்தான்.

சங்கங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. ஒரு கூட்டத்தில் கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஊரின் குடும்பநல மாதுவை அழையுங்கள். சுகவனிதையர் கிளினிக்கில் மார்பையும் கமக்கட்டையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 35 வயதைத் தொட்டவர்களின் பெயர்களை எழுதி, கிளினிக் நாளில் கூட்டமாகப் போங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது துணை. தனியாகப் போக வெட்கப்படும் பெண்ணோடு போவதற்குச் சங்கத்தில் இரண்டு பேரை நியமியுங்கள். எங்கே நோகிறது, என்ன கட்டி என்று அவர்கள் கேட்கத் தேவையில்லை, கூடப் போனால் போதும். மாமி வராவிட்டால் நான் அன்றைக்கும் பாதை ஏறியிருக்க மாட்டேன்.

எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து பேசப்போகிறேன். தழும்பையும் காட்டுவேன். உங்கள் ஊருக்குக் கூப்பிட்டாலும் வருவேன், பின்னேர பஸ்ஸுக்கு முன்னம் விட்டால் சரி.

இப்படிக்கு,
அம்பிளாந்துறைப் பக்கத்துச் சங்க அங்கத்தவர் ஒருத்தி