செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. அக்டோபர் கூட்டம் மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. நூலக அலமாரிக்குக் கதவு போட்டாயிற்று. மின்விசிறி பற்றிய புகார் அப்படியே இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆகஸ்ட் கூட்டத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் ஹைப்ரிடோமா முறையை எழுதி வெளியிட்டு 50 ஆண்டுகள் ஆகின்றன. ஒரே வகை ஆன்டிபாடியை, அதாவது உடலின் எதிர்ப்புப் புரதத்தை, ஓயாமல் தரும் கலப்பு செல்லை உண்டாக்கும் முறை அது. 1975 ஆகஸ்ட் 7 'நேச்சர்' இதழில் மூன்றே பக்கம். அதற்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. காப்புரிமை எடுக்கவில்லை, கேட்டவர்களுக்கு மில்ஸ்டைன் செல்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்.

பேசியவர் நம் உறுப்பினர், செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அழைப்பிதழில் போட அவருடைய ஆய்வுக் கட்டுரைப் பட்டியலைக் கேட்டேன். "அரைப் பக்கம்கூட வராதுங்க. நான் வளர்த்த செல் எங்கெல்லாம் போச்சுன்னு போடுங்க, அது நீளம்" என்றார். செயற்குழுவில் இது ஒரு மணி நேர வாக்குவாதமாகிவிட்டது. பட்டியல் இல்லாதவரை ஆராய்ச்சியாளர் என்று எப்படிப் போடுவது என்றார் ஒருவர். நான் போட்டுவிட்டேன்.

அன்று அவர் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ரோஜா நிறத் தண்ணீர் கொண்டுவந்தார். கலந்திருந்தது பீனால் ரெட், புளிப்பு ஏறினால் நிறம் மாறும் சாயம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஸ்ட்ரா வைத்து ஊத ஊத, நிறம் ஆரஞ்சாகி மஞ்சளானது. மூச்சிலுள்ள கரியமில வாயு தண்ணீரைப் புளிப்பாக்குகிறது. ஆய்வகத்திலும் மீடியம், அதாவது செல் வளரும் ஊட்டத் திரவம், மஞ்சளானால் செல்கள் தின்று தீர்த்துவிட்டன என்று அர்த்தம், உடனே மாற்ற வேண்டும். ஞாயிறு, தீபாவளி எல்லாம் அதற்குத் தெரியாது.

அப்புறம் முறையைச் சொன்னார். எலியின் மண்ணீரல் செல் ஆன்டிபாடி தரும். ஆனால் புட்டியில் சில நாளில் செத்துவிடும். மைலோமா என்ற புற்றுநோய் செல் சாகாது. ஆனால் நமக்கு வேண்டிய ஆன்டிபாடி தராது. இரண்டையும் ஒரே செல்லாக ஒட்டவைத்து 'ஹேட்' என்ற மீடியத்தில் போட்டால், ஒட்டாத மைலோமா செல், டிஎன்ஏ செய்ய வழியின்றிச் சாகும், ஒட்டாத மண்ணீரல் செல் தானாகவே சாகும். மிஞ்சுவது, ஆன்டிபாடியும் தந்து சாகாமலும் இருக்கும் கலப்பு செல், அதுதான் ஹைப்ரிடோமா. அதிலும் ஒவ்வொரு குழியிலும் ஒரே செல் விழும்படி நீர்த்துப் பிரித்து, வேண்டியதைத் தேட வேண்டும். அப்படி ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டத்துக்குக் குளோன் என்று பெயர். கிடைத்த ஒரு குளோனை அவர் வேலை பார்த்த இடத்தில் பூஞ்சை கொண்டுபோய்விட்டதாம். செல்களை உறைய வைக்கும் நைட்ரஜன் தொட்டியில் மறு குப்பி போட்டுவைக்கவில்லை. இரண்டு வருட உழைப்பு. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார்.

கேள்வி நேரத்தில் இதனால் புதுச்சேரிக்கு என்ன என்று கேட்டது நான்தான். பதில் அவரிடமிருந்து வரவில்லை, பின்வரிசை அம்மா ஒருவரிடமிருந்து வந்தது. "எங்க தெருவுல ராத்திரி பத்து மணிக்கு மேல கதவைத் தட்டி, தூங்குற பிள்ளைங்க விரலைக் குத்துவாங்க" என்றார். யானைக்கால் பரிசோதனை. அந்த நோய்ப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும் என்பதால் அந்த நேரம். நம் ஊர் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் தொடங்கியதும் அதே 1975தான். பிற்பாடு வந்த பரிசோதனைக் கார்டு, புழு வெளிவிடும், பகலிலும் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிஜென் என்ற பொருளைப் பிடிப்பதால் பகலிலேயே பார்க்க முடிகிறது. பிடிப்பது ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது இந்த ஹைப்ரிடோமா முறையில் ஒரே குளோனிலிருந்து எடுத்தது. "இனிமே யாரும் எழுப்ப மாட்டாங்களா?" என்றார் அந்த அம்மா. கூட்டம் சிரித்தது.

நவம்பரில் கடற்கரை நடையும் டிசம்பரில் வினாடி வினாவும் நடந்தன. சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். பீனால் ரெட் புட்டிகள் இரண்டும் புதுக் கதவு போட்ட அலமாரியில் உள்ளன, சாவி என்னிடம்.

செயலாளர்