குணமாகும் என்ற சொல்லைப் பற்றி

கும்பகோணம்,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீ விளம்பரம் எழுதும் அந்த மூலிகைச் சிரப்பைப் பற்றிச் சென்ற வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "சாப்பிட்டவர்களே குணமானதாக எழுதித் தருகிறார்கள், அதை அப்படியே விளம்பரத்தில் போடுவதில் என்னப்பா தவறு?" என்றாய். முப்பத்திரண்டு ஆண்டுகள் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் நின்றவன் இதற்குப் பதில் தெரியாமல் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேனே என்று இரவு முழுவதும் உறுத்தலாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கேள்வி பழையது. விக்டோரியா அரசி பட்டத்துக்கு வந்த அதே 1837-இல், லண்டனில் தாமஸ் ஹாலோவே என்பவர் தம் களிம்புக்கு விளம்பரம் கொடுக்கத் தொடங்கினார். விளம்பரச் செலவால் கடனாளியாகிச் சிறைக்கும் போய் வந்தவர், வெளியே வந்தும் விளம்பரத்தை விடவில்லை. களிம்போடு மாத்திரையையும் சேர்த்துக்கொண்டார். 1883-இல் அவர் இறந்தபோது ஆண்டு விளம்பரச் செலவு ஏறத்தாழ 50,000 பவுண்டு. அவருடைய மாத்திரை கப்பல் போன இடமெல்லாம் போயிற்று. நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அந்த விளம்பரம் வந்தது. அப்படிச் சேர்த்த பணத்தில் அவர் கட்டிய பெண்கள் கல்லூரியை 1886-இல் அரசியே வந்து திறந்து வைத்தார். கல்லூரி நல்ல கல்லூரிதான், இன்றும் நடக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை.

இத்தகைய சரக்குகளைப் 'பேட்டன்ட் மருந்து' என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் மூத்த கம்பவுண்டரும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, கிடையாது. பேட்டன்ட் வாங்க வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்; வியாபாரமோ அதை மறைப்பதில்தான் இருந்தது. ஆகவே பெயரையும் லேபிளையும் மட்டும் பதிந்துகொண்டு செய்முறையை மூடி வைத்தார்கள். அதற்கு மேல், 1783 முதல் பிரிட்டனில் இம்மருந்துகளுக்கு முத்திரை வரி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஷில்லிங் வரை விலையுள்ள மருந்துக்கு வரி ஒன்றரைப் பென்னி. பழைய விளம்பரங்களில் 'ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி' என்ற விநோதமான விலையைப் பார்க்கிறோமே, அதன் காரணம் இதுதான். வரி கட்டியதற்கு அடையாளமாக அரசு முத்திரைச் சீட்டு மூடியின் மேல் ஒட்டப்பட்டது. வாங்குகிறவன் அதைப் பார்த்து, சர்க்காரே ஒப்புக்கொண்ட மருந்து என்று நம்பினான். இது அரசின் உத்தரவாதம் அல்ல என்று பின்னாளில் அந்தச் சீட்டிலேயே அச்சிட வேண்டியதாயிற்று.

இவற்றில் நான் அதிகம் யோசித்தது குளோரோடைன் பற்றி. காலிஸ் பிரவுன் என்ற ராணுவ மருத்துவர் இந்தியாவில் பணியாற்றியபோது, 1848-இல், காலராவுக்கென்று உருவாக்கியது. அபினிக் கரைசல், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம் ஆகியவையே அதன் முக்கியச் சரக்குகள். 1856 முதல் டேவன்போர்ட் என்ற மருந்து வணிகர் அதைத் தயாரித்து விற்றார். ஃப்ரீமன் என்பவர் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிப் போட்டிச் சரக்கு விற்க, 1864-இல் வழக்கு நீதிமன்றம் ஏறியது. நீதிபதி பேஜ் உட், கண்டுபிடித்தவர் பிரவுன்தான் என்றார். அதன்பின் பல ஆண்டுகள் குளோரோடைன் விளம்பரங்களில் அந்த நீதிபதியின் பெயர் இடம்பெற்றது. வழக்கு யார் கண்டுபிடித்தார் என்பதைப் பற்றியது. மருந்து காலராவைக் குணமாக்குமா என்று நீதிபதியிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் பத்திரிகையைப் புரட்டுகிறவன் கண்ணில் பட்டது நீதிமன்றம், மருந்தின் பெயர், காலரா என்ற மூன்றும்தான். தொழில் நுணுக்கத்தைப் பார், உன் அலுவலகத்தில் இருப்பவர்கள்கூட மெச்சுவார்கள்.

குளோரோடைன் வேலை செய்தது, அம்மா. அபினி குடலின் ஓட்டத்தைத் தடுக்கும், வயிற்றுக் கடுப்பை அடக்கும், இருமலை நிறுத்தும், தூக்கம் தரும். சாதாரண வயிற்றுப்போக்கில் அதைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கடிதம் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் காலராவில் உயிரைப் போக்குவது உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும். வெளியே போவதை நிறுத்தினாலும் குடலுக்குள் நீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இரத்தத்துக்கு அது திரும்பி வராது. ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் 1832-இலேயே காலரா நோயாளிகளின் நரம்பில் உப்பு நீரை ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்திருந்தார். அதைப் புட்டியில் அடைத்து விற்க முடியாது, விளம்பரம் செய்யவும் ஆளில்லை. கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் அந்த வழியை மீண்டும் கையில் எடுக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நள்ளிரவில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்றரை வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்தாள். கடையில் கொடுத்த சொட்டு மருந்தில் போக்கு நின்றுவிட்டது என்றும், பிள்ளை இப்போது நன்றாகத் தூங்குகிறது என்றும், வயிறு மட்டும் உப்பியிருக்கிறது என்றும் சொன்னாள். அந்த மருந்தைப் பற்றி அவள் முகத்தில் குறையே இல்லை. செவிலியர் குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்றது. கண் குழிவிழுந்து, உதடு ஒட்டிக் கிடந்தது. சலைன் ஏற்ற நரம்பு கிடைப்பதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. விடிந்ததும் குழந்தை அழுதது. ஆனால் கண்ணீர் வந்தது மதியத்துக்கு மேல்தான். அதன்பின் நான் என் கையால் உப்புச்சர்க்கரைக் கரைசல் கலக்கி, கரண்டி கரண்டியாக ஊட்டச் சொல்லிக் கொடுத்தேன். அந்தத் தாயிடம் முதல் நாள் இரவே கேட்டிருந்தால், குணமாகிவிட்டது என்று மனமார எழுதித் தந்திருப்பாள்.

நிபுணர் என்ற பட்டமும் அந்தக் காலத்தில் இப்படித்தான் பட்ட பாடு பட்டது. உண்மையான நிபுணர்கள் இல்லாமல் இல்லை. லண்டனில் 1805-இலும் சென்னையில் 1819-இலும் கண்ணுக்கென்றே தனி மருத்துவமனைகள் வந்துவிட்டன. ஆனால் பத்திரிகையில் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டவர்கள் வேறு வகை. லண்டனில் ஜோசப் கான் நடத்திய உடற்கூறு அருங்காட்சியகத்தில் மேகநோய் என்ற பால்வினை நோய் கண்ட உடம்பின் மெழுகு உருவங்களைப் பார்த்து மிரண்டு வருகிற இளைஞனுக்கு ஆலோசனையும் மருந்தும் தயாராக இருந்தன. 1873-இல் வழக்குப் போட்டு அந்த உருவங்களை உடைத்தார்கள். மெல்பர்னில் எல்.எல். ஸ்மித் என்ற மருத்துவர் முறையாகப் படித்தவர், சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர்; ஓயாமல் விளம்பரம் செய்து, ஒரு பவுண்டு கட்டணத்தில் தபாலிலேயே வைத்தியம் சொன்னார். வெட்கப்படுகிற நோயாளி நேரில் வரமாட்டான், ஏமாந்தால் போலீசுக்கும் போகமாட்டான் என்பதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். நம் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிர் லாட்ஜில் மாதம் ஒருமுறை அறை எடுத்து 'இளமையில் செய்த தவறுகளுக்கு' மருந்து தரும் வைத்தியர்களை நீயும் சுவரொட்டியில் பார்த்திருப்பாய். என் தூரத்து உறவினன் ஒருவன் கல்யாணத்துக்கு முன் அப்படி ஒருவரிடம் போய் மோதிரத்தை அடகு வைத்துவிட்டு வந்தான். அவனுக்கு நோயே இல்லை.

1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த ரகசிய மருந்துகளைச் சோதனைச்சாலையில் பிரித்துப் பார்த்து வெளியிட்டது. 'ஒரு கினி பெறும்' (கினி என்றால் இருபத்தோரு ஷில்லிங்) என்று விளம்பரப்படுத்தப்பட்ட பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளமும் இஞ்சியும் சோப்பும். ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்ற பெட்டியில் இருந்த 56 மாத்திரைகளின் சரக்குச் செலவு அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. அந்த வெளியீட்டுக்கு விளம்பரம் போடப் பல பத்திரிகைகள் மறுத்துவிட்டன. யார் பணத்தில் அவை நடந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இது. எழுதித் தருகிறவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அது மருந்தால்தான் நேர்ந்ததா, தானாகவே சரியாகியிருக்குமா, மருந்து அடக்கியது வலியையா நோயையா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் விற்கிறவர்கள். குணமாகாதவர் எவரும் கடிதம் எழுதுவதில்லை, இறந்தவர் எழுத முடியாது. 'எனக்கு இருமல் குறைந்தது' என்று ஒருவர் எழுதினால் அந்த வாக்கியத்தை அப்படியே போடு. அதற்கு மேலே பெரிய எழுத்தில் 'ஆஸ்துமா குணமாகும்' என்று நீ எழுதுகிறாயே, அந்த வரியை அவர் எழுதித் தரவில்லை, அம்மா. அது உன் வரி.

வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கடன் இருப்பது எனக்குத் தெரியும். அடுத்த முறை அந்தச் சிரப் பாட்டிலின் பின்பக்க லேபிளைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பு. எந்த மூலிகை எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா, வெறும் பெயர்ப் பட்டியல்தானா என்று பார்த்துச் சொல்கிறேன். கண்ணாடி மாற்றிவிட்டேன், பொடி எழுத்தும் இப்போது நன்றாகத் தெரிகிறது. அம்மா வடகம் காய வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கூரியரில் வரும்.

அன்புடன்,
அப்பா