பாலித் தீவில் நன்றி சொல்லும் சொல் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பாலித் தீவுக்குச் செல்வோருக்காக வெளியான பயணக் குறிப்புகளைப் படித்தேன். விசா, பணமாற்று, வெளிநாட்டுப் பயணிகளிடம் 2024 பிப்ரவரி 14 முதல் பெறப்படும் 1,50,000 ரூபியா சுற்றுலாக் கட்டணம் ஆகிய தகவல்கள் பிழையின்றித் தரப்பட்டிருந்தன. கடைசியில் இருந்த சிறு கட்டத்தில் மட்டும், "பாலி மொழியில் நன்றி: தெரிமா காசி" என்று அச்சாகியிருந்தது. அது பாலித் தீவின் மொழி அன்று, இந்தோனேசியாவின் ஆட்சிமொழி. பாலியர்களின் தாய்மொழியில் நன்றிக்குரிய சொல் 'சுக்ஸ்ம'. ஒரு சொல்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள ஒன்பது நாள் அந்தத் தீவில் தட்டுத் தடுமாறியவன் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் எழுத்தில் 'பாலி மொழி' என்று எழுதினால், பௌத்தத் திரிபிடகத்தின் மொழியும் இந்தோனேசியத் தீவின் மொழியும் ஒரே உருவில் வந்து நிற்கின்றன. புறப்படுவதற்கு முன் எங்கள் ஊர் நூலகத்தில் 'பாலி மொழி' பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, நூலகர் மிகுந்த பரிவோடு தம்மபதத்தை எடுத்துக் கொடுத்தார். அங்குள்ளவர்கள் தம் மொழியை 'பாசா பாலி' என்கிறார்கள். தமிழில் 'பாலித் தீவு மொழி' என்று எழுதினால் யாருக்கும் மயக்கம் வராது.

இது இந்தோனேசிய மொழியின் வட்டார வழக்கும் அன்று. பக்கத்துத் தீவுகளான லொம்போக்கின் சாசாக் மொழிக்கும் சும்பாவா மொழிக்கும் நெருங்கிய உறவுடைய தனி மொழி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சானூரில் உள்ள பெலாஞ்சோங் கல்தூணில் பழம்பாலி மொழி பொறிக்கப்பட்டுவிட்டது. அதன் இன்றைய எழுத்து, பழைய ஜாவாவில் வழங்கிய 'கவி' என்னும் எழுத்தின் வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 43 லட்சம் பேர் வாழும் அந்த மாநிலத்தில், வீட்டிலும் கோயிலிலும் ஊர்க்கூட்டத்திலும் புழங்குவது இம்மொழியே. பள்ளியில் இந்தோனேசிய மொழி கற்ற எல்லாருக்கும் 'தெரிமா காசி' புரியும். சொன்னால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. ஆனால் அதற்கும் 'சுக்ஸ்ம'வுக்கும் கிடைக்கும் முகமலர்ச்சியில் உள்ள வேறுபாட்டை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

சமஸ்கிருதத்தின் 'சூக்ஷ்ம' என்ற சொல்தான் அங்கே 'சுக்ஸ்ம' ஆகி நன்றியைக் குறிக்கிறது. நாம் சூட்சுமம் என்றும், சைவ நூல்களில் சூக்குமம் என்றும் வழங்கும் அதே சொல்தான். இந்த உறவு தெரிந்திருந்ததே எனக்கு வினையாயிற்று. காராங்காசம் மாவட்டத்தில் சிடெமென் என்ற சிற்றூரில், வயல்களை ஒட்டிய ஒரு வீட்டில் என் மனைவியும் நானும் தங்கியிருந்தோம். முதல் நாள் காலை, வீட்டுக்காரரின் வயதான தாயார் ஒரு கண்ணாடிக் குவளையில் வண்டல் அடியில் தங்கிய கருப்புக் காப்பியும், வாழையிலைத் துண்டில் துருவிய தேங்காயும் பனைவெல்லப் பாகும் சேர்த்த அரிசிப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். பலகாரத்துக்கு அங்கே 'ஜாஜெ' என்று பெயர். வடமொழிப் பண்டிதனைப் போல் எழுத்துக்கு எழுத்து அழுத்தி "சூக்ஷ்மா" என்றேன். அந்த அம்மையார் ஒன்றும் புரியாமல் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சுக்ஸ்மெ, சுக்ஸ்மெ" என்று இருமுறை சொல்லிக் காட்டினார்.

நுட்பம் கடைசி எழுத்தில் இருக்கிறது. அவர்கள் 'அ' என்று எழுதுவதைச் சொல்லிறுதியில் அரையாக விழுங்கி, நம் குற்றெழுத்து 'எ'வுக்கு அருகில் ஒலிக்கிறார்கள். தீவின் தலைநகர் தென்பசாருக்குப் பக்கத்துக் கடற்கரையை நாம் 'கூட்டா' என்கிறோம். அவர்கள் வாயில் அது 'கூட்டெ' என்றுதான் வருகிறது. மலேசியத் தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்களுடைய நாட்டு மலாயில் 'சாயா' என்று எழுதி 'சாயெ' என்று சொல்வது அன்றாட வழக்கம். முதல் அசையையும் நீட்டக் கூடாது, 'சு' குறில்தான். நடுவில் வரும் மெய்யும் வெறும் 'ஸ்', வடமொழியின் 'ஷ்' அன்று. என் பிழை இம்மூன்று இடங்களிலும் நிகழ்ந்திருந்தது.

இரண்டாம் பாடம் அன்று மாலையே கிடைத்தது. ஒலிப்பைத் திருத்திக்கொண்ட பெருமையில் அந்தத் தாயாரிடம் மறுபடி "சுக்ஸ்மெ" என்றபோது, மகன் தயங்கியபடி, பெரியவர்களிடம் 'மாத்தூர் சுக்ஸ்மெ' என்று சொல்வது இன்னும் நன்றாக இருக்கும் என்றார். 'மாத்தூர்' என்பது தன்னைத் தாழ்த்திக்கொண்டு உயர்ந்தவரிடம் ஒன்றைச் சொல்லுதல். நம் பழைய கடிதங்களில் வரும் 'விண்ணப்பம் செய்கிறேன்' என்பதன் சாயல் அதில் உண்டு. கேட்பவர் யார், பேசுபவர் யார், பேசப்படுபவர் யார் என்பதைப் பொறுத்து அம்மொழியில் சொற்களே மாறுகின்றன. இந்த ஒழுங்குக்கு 'சோர் சிங்கி' என்று பெயர். சாப்பிடுதலை எடுத்துக்கொண்டால், சமமானவர்களுக்குள் 'மெடாஆர்', மரியாதையாக 'ஙாஜெங்', அர்ச்சகர், அரசர் போன்றோருக்கு 'ஙெராயுனாங்', விலங்குகளுக்கு 'ஙாமா'. வேடிக்கையாகத் தோன்றினால், நாம் சாப்பிடுகிறோம் என்றும், பெருமாள் அமுது செய்தருளினார் என்றும், கோபம் வந்தால் கொட்டிக்கொள் என்றும் சொல்லும் நம் வழக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். பயணி இவற்றையெல்லாம் கற்க வேண்டியதில்லை. ஐயம் வரும்போது உயர்வழக்கின் பக்கம் சாய்வதே பாதுகாப்பு. அதிகப்படி மரியாதையை ஒரு புன்னகையோடு ஏற்றுக்கொள்வார்கள். குறைந்த மரியாதையை வெளியில் காட்டிக்கொள்ளாமல் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். ஈடா பாகுஸ், ஆனாக் ஆகுங், சோகோர்தா என்று தொடங்கும் உயர்குலப் பெயருடையவர்களிடமும், 'ஜெரோ மாங்கு' என்று அழைக்கப்படும் கோயில் அர்ச்சகர்களிடமும் 'மாத்தூர் சுக்ஸ்மெ' தவிர வேறு எதையும் நான் சொல்லவில்லை.

வண்டி ஓட்டுநரிடமும் உணவுக் கடையிலும் வெறும் 'சுக்ஸ்மெ' போதும். ஆனால் அதை மொட்டையாக விடாமல் ஓர் உறவுச் சொல்லைச் சேர்ப்பதுதான் அவர்கள் வழக்கம். நம்மைவிட மூத்தவராகவோ ஏறத்தாழ ஒத்த வயதினராகவோ தோன்றும் ஆணுக்கு 'பிளி', அதாவது அண்ணன்; பெண்ணுக்கு 'ம்போக்', அதாவது அக்கா. கடைக்காரரை 'அண்ணே' என்றும் பூக்காரரை 'அக்கா' என்றும் கூப்பிட்டுப் பழகிய நமக்கு, "சுக்ஸ்மெ, பிளி" என்பது நாவில் இயல்பாகவே உட்கார்ந்துவிடுகிறது. நாம் நன்றி சொன்னால் அவர்கள் பெரும்பாலும் 'சுக்ஸ்மெ மெவாலி' என்பார்கள். மெவாலி என்றால் திரும்புதல். உங்கள் நன்றி உங்களுக்கே திரும்புகிறது என்று பொருள். அவர்கள் நமக்கு நன்றி சொல்லும்போது நாமும் அதையே சொல்லலாம். தெருவோர வியாபாரி எதையாவது நீட்ட, நமக்கு வேண்டாம் என்றால், தலையை மட்டும் ஆட்டிக் கடந்துவிடாமல் 'நெந்தென், சுக்ஸ்மெ' என்று சொன்னால் மறுப்பும் மரியாதையும் சேர்ந்தே போய்விடும். உபுத் சந்தையில் நம் நாட்டுப் பயணிகள் சிலர் கால் மணி நேரம் விலை பேசிவிட்டு, பொருளையும் வாங்காமல், ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி நடந்ததைப் பார்த்தபோது, அந்த இரண்டு சொற்களைத் தங்கள் இணைப்பில் அச்சிட்டிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள், வலக்கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, நீட்டப்பட்ட காப்பிக் குவளையை இடக்கையால் வாங்கினேன். வாய் 'மாத்தூர் சுக்ஸ்மெ' என்று சரியாகத்தான் சொன்னது. ஆனால் குவளையை விடும்போது அந்த அம்மையாரின் விரல்கள் ஒரு கணம் தயங்கின. நம் வீட்டில் யாராவது அப்படி வாங்கினால் பாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கே தெரியும். வெளிநாடு போனதும் அதை மறந்துவிட்டேன். வலக்கையால் வாங்குவதும், பெரியவர்களிடமிருந்து பெறும்போது இடக்கையை அதனோடு சேர்த்துக்கொள்வதும் அங்கேயும் மரியாதை. கும்பிட்டு வாழ்த்துவதும் உண்டு. சந்திக்கும்போது நெஞ்சின் முன் கைகூப்பி 'ஓம் ஸ்வஸ்தியாஸ்து' என்கிறார்கள். அதே சொற்களையே நாமும் திருப்பிச் சொல்ல வேண்டும். நலம் உண்டாகுக என்பது பொருள். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கும் சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு அந்த முதற்சொல் பழகிய குரலாகவே கேட்கும்.

அந்த வீட்டில் நான் கண்ட இன்னொன்று, நன்றி என்ற சொல்லை அவர்கள் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டியது. காலையில் சோறு வடித்ததும், வீட்டில் ஒருவரும் உண்பதற்கு முன், அந்த அம்மையார் விரற்கடை அளவு வாழையிலைத் துண்டுகளில் ஒரு சிட்டிகைச் சோறும், அன்று சமைத்ததில் ஒரு துளியும் வைத்துத் தட்டில் அடுக்கிக்கொள்வார். அடுப்பு, தண்ணீர் வைக்கும் இடம், அரிசி வைக்கும் இடம், வாசல், முற்றத்துச் சிறு சன்னிதிகள் என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வைத்துவிட்டுத்தான் எங்களுக்குக் காப்பி வரும். இதற்கு 'பந்தென் சைபான்' என்று பெயர். சோறு தந்தவற்றுக்கெல்லாம் நன்றி செலுத்தும் சடங்கு இது என்று மகன் விளக்கினார். வாயால் ஒன்றும் பெரிதாகச் சொல்லப்படுவதில்லை. அடுப்பின் மேல் இருந்த துண்டுச் சோற்றை ஒரு சிட்டுக்குருவி வந்து கொத்திக்கொண்டு போனது, யாரும் விரட்டவில்லை. நடைபாதைகளில் பூவும் இலையுமாக வைக்கப்பட்டிருக்கும் 'சானாங் சாரி' படையல்களைப் பயணிகள் பார்க்காமல் மிதித்துப் போவதைக் கூட்டாவில் நாள்தோறும் கண்டேன். அப்படி மிதித்துவிட்டு அடுத்த கடையில் 'சுக்ஸ்மெ' சொல்லி என்ன பயன்?

ஒரு திருத்தத்தையும் நானே சேர்த்துவிடுகிறேன். தீவின் தென்பகுதியில் உள்ள விடுதிகளிலும் கடைகளிலும் வேலை செய்பவர்களில் ஜாவாவிலிருந்தும் லொம்போக்கிலிருந்தும் புளோரெசிலிருந்தும் வந்தவர்கள் பலர். அவர்களுக்குப் பாலித் தீவு மொழி தாய்மொழி அன்று. அவர்களிடம் 'தெரிமா காசி' சொல்வதே பொருத்தம். 'தெரிமா' என்றால் பெறுதல், 'காசிஹ்' என்றால் அன்பு. அழகான சொல்தான், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. எதிரில் நிற்பவர் பாலியர்தானா என்பதைப் பெயரே பெரும்பாலும் சொல்லிவிடும். பிறந்த வரிசைப்படி வாயான் அல்லது புத்து, மாடே அல்லது காடெக், ஞோமான் அல்லது கோமாங், கெத்துத் என்ற பெயர்களைச் சட்டையில் குத்திய அட்டையில் கண்டால், தயங்காமல் 'சுக்ஸ்மெ' சொல்லலாம்.

தம் மொழியைப் பற்றி அங்குள்ள அரசுக்கும் கவலை இருக்கிறது. ஆளுநரின் 2018ஆம் ஆண்டு 80ஆம் எண் ஒழுங்குமுறையின்படி, வியாழக்கிழமைதோறும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பாலித் தீவு மொழியில் பேச வேண்டும். பிப்ரவரி மாதம் மொழி மாதமாகக் கொண்டாடப்படுகிறது. நாங்கள் தென்பசாரில் இருந்த நாள் தற்செயலாக ஒரு வியாழக்கிழமை. வங்கியில் இருந்த இளம்பெண் மரபுடையில், "ராஹாஜெங் செமெங்" என்று காலை வணக்கம் சொன்னார். பணத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டு நான் "மாத்தூர் சுக்ஸ்மெ" என்றதும், பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

ஆகவே, அந்தக் கட்டத்தை மீண்டும் வெளியிடும்போது 'தெரிமா காசி'யை இந்தோனேசிய மொழி என்ற தலைப்பின் கீழ் வைத்து, அதன் பக்கத்தில் பாலித் தீவு மொழி என்ற தலைப்பில் சுக்ஸ்மெ, மாத்தூர் சுக்ஸ்மெ, சுக்ஸ்மெ மெவாலி, நெந்தென் சுக்ஸ்மெ ஆகிய நான்கையும் ஒலிப்புக்கு ஏற்ற எழுத்தில் அச்சிடுமாறு வேண்டுகிறேன். எழுத்துப்படி 'சுக்ஸ்ம' என்றுதான் போட வேண்டும் என்று தங்கள் மெய்ப்புத் திருத்துநர் வாதாடினால், அருகில் 'இறுதி அகரத்தை எகரமாக ஒலிக்கவும்' என்று ஒரு வரி சேர்த்தாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.